போடிமெட்டிலிருந்து சரித்திரம் படிப்போம்

நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தைத் துண்டு துண்டாகப் படிக்கிறார்கள். உலகம் ஒரு பாடம், இந்தியா ஒரு பாடம், தமிழ்நாடு ஒரு பாடம். சேரி எந்தப் பாடத்திலும் இல்லை. 1989 என்றால் பெர்லின் சுவர் இடிந்த வருசம், எழுதினால் மார்க். போடி வட்டாரத்தில் 1989 சாதிக் கலவர வருசம். அதை எழுதினால் மார்க் கிடையாது. இப்படிப் படிக்கிற பிள்ளைக்கு, உலகத்தில் எங்கோ நடப்பதற்கும், தன் ஆத்தா விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவதற்கும் தொடர்பு இருக்கு என்று எப்படித் தெரியும்?

தொடர்பு இருக்கு. நம்ம ஊர்த் தண்டவாளத்திலேயே இருக்கு. மூணாறு மலையில் வெள்ளைக்காரன் போட்ட தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து, தூத்துக்குடியில் கப்பலேறியது. 1928இல் மதுரை - போடி ரயில் ஓடியது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். திரும்பப் போட்டது 1950களில்தான். சண்டை எங்கேயோ, பிடுங்கியது போடியில்.

அடுத்து ஏலக்காய். நம்ம மலைச் செடி இது. போன நூற்றாண்டில் ஜெர்மன்காரத் தோட்டமுதலாளி ஒருவர் இதைக் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோனார். 1970களில் எண்ணெய் விலை ஏறி அரபு நாடுகளில் பணம் புரண்டது. அவர்கள் காபிக்கு ஏலக்காய் வேண்டும். அந்தச் சந்தையைக் குவாத்தமாலா பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து போடி வியாபாரிகள் வாயில் ஒரே பேச்சு: குவாத்தமாலாக்காரன் நம்மைக் கெடுத்துட்டான்.

யார் அந்தக் குவாத்தமாலாக்காரன்? அங்கே காய் பறித்தது மண்ணைப் பறிகொடுத்த மாயா பழங்குடிச் சனம். ஏலக்காய் விளைகிற அதே ஆல்டா வெராபாஸ் மாகாணத்தில், பான்சோஸ் என்ற ஊரில், நிலம் கேட்டுக் கூடியவர்களை 1978 மே 29இல் ராணுவம் சுட்டுக் கொன்றது. 1996 வரை நீடித்த அந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்றும், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயாக்கள் என்றும் உண்மை அறியும் ஆணையம் 1999இல் சொன்னது. நிலம் கேட்டதற்குக் குண்டு. இந்தக் கதை கீழவெண்மணிக்காரனுக்கும் மாஞ்சோலைக்காரனுக்கும் புதுசா? முதலாளிக்கு அவன் போட்டிக்காரன். நமக்கு அவன் பங்காளி.

'தேசத்துக்கு அந்நியச் செலாவணி வருதே, அது நல்லதுதானே' என்பார்கள். இந்தக் கேள்வியை நமக்காக அலசிப் பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1923இல் 'ரூபாயின் பிரச்சனை' என்ற அவரது நூல் லண்டனில் வெளிவந்தது. தீண்டாமைக்குள் பிறந்தவர் உலக நாணயத்தைப் பற்றி எழுதினார். ஏன் எழுதினார்? ரூபாய் மதிப்பு சரிந்தால் ஏற்றுமதிக்காரனுக்கு லாபம். ஆனால் அது வெளியிலிருந்து தேசத்துக்கு வருகிற லாபமல்ல, விலைவாசி ஏறுகிற அளவுக்குக் கூலி ஏறாததால் கூலிக்காரனிடமிருந்து போகிற லாபம் என்பது அவர் வாதத்தின் சாரம். 1991 ஜூலையில் மூன்று நாளுக்குள் இரண்டு தவணையாக ரூபாய் மதிப்பைக் குறைத்தார்களே, அன்றைக்கு இதை நம் தெருவில் எத்தனை பேர் எடுத்துப் பேசினோம்?

ஆக, 'தேசம்' மொத்தமாக லாபமடைவதும் இல்லை, மொத்தமாக நட்டப்படுவதும் இல்லை. உலகச் சந்தை எல்லோர் மேலும்தான் அடிக்கிறது. அடி எங்கே விழும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. 2018இல் பூச்சிமருந்து எச்சம் கூடுதல் என்று சவுதி அரேபியா நம் ஏலக்காயை ஏற்க மறுத்தது. காபி குடிக்கிறவன் உடம்புக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், சரி. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறவன் உடம்புக்கு என்ன வரம்பு? தேயிலைக்கும் காபிக்கும் 1951இலேயே வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், ஏலத்தோட்டத்துக்கு 1981 திருத்தத்தில்தான் எட்டியது. அதுவும் 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்துக்கு. 1956இல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. ஏலக்காய் மூட்டைக்கு அந்தக் கோடு தடையில்லை. ஆனால் 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு முற்றியபோது, தோட்டத்திலிருந்து அடிபட்டு மலை இறங்கி ஓடிவந்தது யார்? நம்ம சனம்.

'உலகப் போக்கை யார் தடுக்க முடியும்' என்று கைவிரிக்கிற படிப்பாளிகள் மூணாறைப் பார்க்கட்டும். தேயிலைச் சந்தை சரியில்லை என்று போனஸை 10 சதவீதமாக வெட்டியபோது, 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பேசும் தலித் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே விடவில்லை. 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். உலகச் சந்தை அன்றைக்கும் அதே சந்தைதான். இது எந்தப் பாடப்புத்தகத்தில் வரும்?

வராது. நாமே எழுத வேண்டியதுதான். தெருவுக்குத் தெரு படிப்பு வட்டம் போடுவோம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் கட்டுங்கள். ஒன்றில் உலகத்தில் நடந்தது, ஒன்றில் டெல்லி செய்தது, ஒன்றில் நம்ம வீட்டுக்கு வந்த கூலி. வயசாளிகளைக் கேட்டு வருசம் வருசமாக நிரப்புங்கள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போனது. அந்த வாரம் காய் எடுத்தவளுக்கும், போடி கடைகளில் உட்கார்ந்து தரம் பிரித்தவளுக்கும் கிடைத்த கூலி எவ்வளவு? முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள்.