எலிக்கென்று அமைந்த நஞ்சு

கண்ணாடி விரியன் எலியைக் கடித்ததும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, விட்டுவிடும். பிடித்திருந்தால் எலி திருப்பிக் கடிக்கும். அதே சமயம், ஓடுகிற எலி வெகுதூரம் போவதற்குள் விழுந்தாக வேண்டும். வளைக்குள் நுழைந்துவிட்டால் அன்றைய இரை போயிற்று. பிறகு நாக்கை நீட்டி வாடை பிடித்தபடி பாம்பு தேடிப் போகும். அந்த அவசரத்துக்கு ஏற்ற நஞ்சு அது. ரத்தம் உறையும் தொடரில் பத்தாவது காரணியை நேராகப் போய்த் தூண்டுகிறது. எலியின் சிறு உடம்பில் குழாய்களுக்குள்ளேயே ரத்தம் கட்டி, உயிர் போகிறது. அறுபது கிலோ மனிதருக்குள் அதே நஞ்சு ஏறினால், உறைகாரணிகள் வீணாகச் செலவாகித் தீர்ந்து, ரத்தம் உறையவே மறுக்கிறது. நம் வார்டில் ஈறு கசிந்து, சிறுநீர் சிவந்து படுத்திருப்பவர் எலிக்கு வைத்த பொறியில் கால் வைத்தவர்.

நாம் தினமும் செய்யும் 20 நிமிடப் பரிசோதனை இந்தத் தீர்ந்துபோதலைத்தான் காட்டுகிறது. புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். 20 நிமிடம் யாரும் அசைக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். நான் பயிற்சியில் இருந்த இடத்தில் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் ஒருவருக்கு ரத்தம் உறையவில்லை என்று நஞ்சுமுறி மருந்தை ஏற்றிவிட்டோம். அவரைக் கடித்தது மண்ணுளிப் பாம்பு என்பது உறவினர் பையைத் திறந்து காட்டிய பிறகுதான் தெரிந்தது. நஞ்சை முறித்த பிறகும் புதுக் காரணிகளைச் செய்ய ஈரலுக்கு அவகாசம் வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது அதற்காகத்தான்; பொறுமையிழந்து மணிக்கொரு முறை குப்பி உடைப்பதில் பயனில்லை.

இரையும் சும்மா இருப்பதில்லை. கலிபோர்னியாவின் தரை அணில்களில், கிலுகிலுப்பைப் பாம்புகளோடு நெடுங்காலம் வாழ்ந்த கூட்டங்களின் ரத்த நீர் அந்த நஞ்சை முறிக்கிறது. பாம்பில்லாத இடத்து அணில்களுக்கு அந்தத் திறன் குறைவு. பாம்பைத் தின்ன வரும் கீரியின் அசிடைல்கோலின் ஏற்பியில், நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு ஒட்ட முடியாதபடி மாற்றம் இருக்கிறது. பாம்பின் பக்கமும் அப்படியே. சுருட்டை விரியன் பேரினத்தில், தேளைத் தின்னும் இனங்களின் நஞ்சு தேளைக் கொல்வதில் வலுவானது. முதுகெலும்பிகளையே தின்னும் இனத்தின் நஞ்சில் அந்த வலு இல்லை என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தப் போட்டி ஊருக்கு ஊர் தனித்தனியாக நடக்கிறது. மனிதர் அதில் சேர்த்தியே இல்லை. நமக்கென்று எந்த எதிர்ப்பும் உருவாகவில்லை; குதிரையின் உடம்பில் உருவாக்கி வாங்கிக்கொள்கிறோம்.

அந்தக் குதிரைக்கு ஏற்றும் நஞ்சு எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. பிடித்த பாம்பைப் பானைக்குள் வைத்து, நஞ்செடுத்து, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் வட தமிழகத்துப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து ராஜஸ்தானுக்கும் போகிறது, இலங்கைக்கும் போகிறது. இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இமை தொங்குகிறது; வட இந்தியாவில் அது அரிது. சில பகுதிகளின் நஞ்சை நம் மருந்து சரியாக முறிப்பதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகளும் சொல்கின்றன. காரணம் முழுக்க இரைதான் என்று சொல்லவும் முடியாது. வெப்பமும் மழையும்கூட நஞ்சின் கலவையோடு தொடர்புள்ளவை. பாம்பின் வயதும் சேரும்: குட்டி விரியன் ஓணான், பல்லி தின்னும், வளர்ந்தது எலி தின்னும், நஞ்சும் மாறிக்கொண்டே வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கோ மருந்தில் இடமே இல்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது 2020இல் வந்த மதிப்பீடு. வட்டாரத்துக்கு ஏற்ற மருந்து வேண்டும் என்று கேட்பதற்கு நம் கையில் இருக்க வேண்டிய சான்று கேஸ் ஷீட்தான். அதில் பெரும்பாலும் 'பாம்புக்கடி, 10 குப்பி' என்ற ஒற்றை வரியே இருக்கிறது. கடித்த தாலுகா, வயலா வீடா, பாம்பின் நீளம், எத்தனையாவது மணி நேரத்தில் ரத்தம் உறைந்தது, எந்தத் தயாரிப்பு, எந்த பேட்ச் எண் என்று எழுத இரண்டு நிமிடம் ஆகும். இந்த விவரங்கள் இல்லாமல் நம் இதழுக்கு வரும் பாம்புக்கடிக் குறிப்புகளை அடுத்த இதழிலிருந்து திருப்பி அனுப்பப் போகிறோம்.