கவசத்தின் மேல் கவசம்

போன மே மாத விடுமுறைக்குப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கூடப் படிக்கும் மூன்று பேரையும் கூட்டி வந்தான். இரண்டு நாள் திரேஸ்புரம் கடற்கரை, மணப்பாடு, திருச்செந்தூர் என்று சுற்றினார்கள். மூன்றாம் நாள் வெயிலுக்குப் பயந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டாம். ஒருவன் கதை சொல்லி நடத்துகிறான், மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் கதைக்குள் இறங்கி நடக்கிறார்கள்.

அரை மணி நேரத்தில் சண்டை வந்துவிட்டது. பேரன் அடுப்படிக்கே வந்து, "தாத்தா, நீங்க இன்சூரன்ஸ்ல இருந்தவங்கதானே? நீங்களே நியாயம் சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான்.

வழக்கு இதுதான். எதிரியின் அடி நம் மேல் படுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் எண் உண்டு. அதை ஆர்மர் கிளாஸ் என்கிறார்கள். பேரனின் மந்திரவாதி வெறும் உடம்போடு நின்றால் 12. சங்கிலிச் சட்டை போட்டால் 15. சட்டை இல்லாமல் 'மேஜ் ஆர்மர்' என்ற மந்திரத்தைச் சொல்லிக்கொண்டாலும் 15. எட்டு மணி நேரம் நிற்கும். "சட்டைக்கு மூணு, மந்திரத்துக்கு மூணு. ரெண்டும் சேர்ந்தா 18தானே?" என்பது பேரன் கட்சி. முடியாது, கவசம் போடாத உடம்பில்தான் அந்த மந்திரம் பிடிக்கும், சட்டையை மாட்டிய நிமிடமே மந்திரம் கலைந்துவிடும் என்பது நடத்துகிற பையனின் தீர்ப்பு. "ரெண்டுக்கும் விலை குடுத்திருக்கேன் தாத்தா, ஒண்ணு வீணா?" என்று பேரனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நான் தீர்ப்புக் கொடுத்தவன் பக்கம் சாய்ந்தேன். பேரனுக்குக் கோபம். ஏன் சாய்ந்தேன் என்று அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் பொதுக் காப்பீட்டில் குப்பை கொட்டியவன் நான். பத்து லட்சம் மதிப்புள்ள கிட்டங்கிக்கு இரண்டு நிறுவனங்களில் பத்துப் பத்து லட்சத்துக்குத் தீ பாலிசி எடுத்து, கிட்டங்கி எரிந்துபோனால் இருபது லட்சம் கிடைக்காது. பத்து லட்சம்தான் கிடைக்கும். இரண்டு நிறுவனமும் பங்கு போட்டுக் கொடுக்கும். இரண்டுமே ஒரே நட்டத்துக்கான காவல். ஆயுள் காப்பீடு அப்படியல்ல. இரண்டு பாலிசி இருந்தால் இரண்டும் தனித்தனியே தரும். உயிருக்குச் சந்தை விலை கிடையாதே.

பேரன் கேட்டது எரிந்த கிட்டங்கிக்கு இருபது லட்சம். சட்டையும் மேஜ் ஆர்மரும் ஒரே வேலையைச் செய்கின்றன, அதனால் கூடாது. அதே விளையாட்டில் 'ஷீல்டு ஆஃப் ஃபெய்த்' என்று இன்னொரு மந்திரம் இருக்கிறது. அது கவசத்தின் மேலேயே இரண்டு புள்ளி கூட்டும். ஆனால் அதைச் சொன்னவர் மனதை அதிலேயே நிறுத்தியிருக்க வேண்டும், அதிகபட்சம் பத்து நிமிடம், அதே நேரத்தில் மனதை நிறுத்த வேண்டிய இன்னொரு மந்திரத்தைப் பிடிக்க முடியாது. கூட்டிக்கொள்ள அனுமதி உண்டு, அதற்குரிய விலையும் உண்டு. இதை எழுதியவர் எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் சீக்கிரமே மேலாளர் ஆகியிருப்பார்.

பையன்கள் இந்த விதிகளின் வரலாற்றையும் சொன்னார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் விளையாட்டை வெளியிட்டபோது மந்திரவாதி கவசமே போடக்கூடாது. 2000இல் வந்த பதிப்பில் போடலாம், ஆனால் கை அசைவு தடைபட்டு மந்திரம் தவறும்: சங்கிலிச் சட்டைக்கு நூற்றுக்கு 20, உடல் முழுதும் மூடும் தகட்டுக் கவசத்துக்கு 35. 2014இல் வந்ததில், பழகிய கவசம் என்றால் தடையே இல்லை, பழகாததைப் போட்டால் மந்திரமே சொல்ல முடியாது.

என் ஓட்டு 2000ஆம் வருடத்துக்கு. முதல் விதி காரணம் சொல்லாமல் தடுக்கிறது. கடைசி விதி பழகியவனிடம் எந்த விலையும் கேட்பதில்லை. நடுவில் உள்ளதுதான், இந்தக் காவலை எடுத்தால் நீ எதை இழப்பாய் என்பதை எண் போட்டுச் சொல்கிறது.

நம் மொழியில் இந்த விஷயம் முன்பே புரிந்துதான் இருக்கிறது. போர்வீரன் மார்பில் போடுவதும் கவசம், வாயால் பாடுவதும் கவசம். தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தை இங்கே எத்தனையோ வீடுகளில் காலையில் கேட்கலாம். அது மொத்தமாகக் 'காப்பாற்று' என்று கேட்டுவிட்டு நிற்பதில்லை. உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைக் காவல் வைக்கிறது. எதற்குக் காவல் என்ற கேள்வி அதிலேயே இருக்கிறது.

பையன்கள் பேசப் பேச, நம் கடலில் முன்பு இருந்த ஓர் உத்தியோகம் எனக்கு நினைவு வந்தது. அதுதான் கடல்கட்டி. முத்துக்குளிக்கும் நாளில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை எழுதியிருக்கிறார். கிடைக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டுகிறவர்களுக்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் இறங்கக்கூடாதே! ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார் 1807இல் வெளியிட்ட இலங்கை நூலில் கடல்கட்டி என்ற பெயரே வருகிறது. ஒருவர் முதல் படகில் போவார். இன்னொருவர் கரையில், படகுகள் திரும்பும்வரை பூட்டிய அறையில் இருப்பார். அவர் முன்னால் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளி மீன்கள். கடலில் விபத்து நடந்தால் ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. கடல்கட்டியின் மனம் கோணினால் சுறாவை ஏவிவிடவும் அவரால் முடியும் என்று பயந்து, குளியாளிகள் தாராளமாகக் கொடுத்தார்களாம்.

1859இல் வந்த எமர்சன் டென்னண்டின் நூல் இன்னும் சுவையானது. அவர் பார்த்த காலத்தில் அந்தக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் சக்தி குறைந்ததாக யாரும் நினைக்கவில்லை. டென்னண்ட் போன சமயம் அவருக்கு உடம்பு சரியில்லை, பதிலாள் வந்திருந்தார். எனக்கு ரகசியம் தெரியாது, ஆனால் அவர் சார்பாக நான் இங்கே நிற்பதே போதும், சுறா மதிக்கும் என்றாராம் பதிலாள்!

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் இதை ஒரு விதிப் புத்தகமாகப் படித்துப் பாருங்கள். எதிலிருந்து காவல்? சுறாவிலிருந்து. எவ்வளவு நேரம்? பகல் முழுக்க. விலை? இருபதில் ஒன்று. எல்லாம் தெளிவாக இருக்கிறது. மூச்சு முட்டுவதற்கோ கயிறு அறுவதற்கோ கடல்கட்டி பொறுப்பு ஏற்கவில்லை. அதற்குக் காவல் வேறு: காலில் மிதித்து இறங்க ஒரு கல், இடுப்பிலோ கூடையிலோ ஒரு கயிறு, மேலே படகில் கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்காத ஓர் ஆள். மந்திரம் இருக்கிறதே என்று கயிற்றை யாரும் விடவில்லை. கயிறு இருக்கிறதே என்று மந்திரத்தையும் விடவில்லை. ஒன்று ஆளைத் துணிவோடு இறங்க வைத்தது, மற்றது திரும்ப மேலே கொண்டுவந்தது. இரண்டும் வேறு வேறு வேலை, அதனால் கூடிற்று.

யார் கண்ணிலும் படாத மூன்றாவது காவல் ஒன்றும் இருந்தது. அது மனிதனின் மூச்சு. ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குமேல் கீழே இருக்கவே முடியாது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். எனக்கு அப்போது எட்டு வயது. சிப்பி அழுகிய நாற்றம் மட்டும் நினைவில் நிற்கிறது. அதற்குப் பிறகும் எங்கள் ஊரில் சங்கு குளிப்பது நிற்கவில்லை. ஆனால் கல்லும் கயிறும் போய்க் கம்ப்ரசர் வந்தது. படகில் எஞ்சின் காற்றை அழுத்தி அனுப்ப, நீளமான குழாய் வழியாக அதை வாயில் வாங்கிக்கொண்டு கடலடியில் நடக்கிறார்கள். நிமிடக் கணக்கு மணிக் கணக்காக மாறியது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. சங்குக் குளியாளி. என்னிடம்தான் விபத்து பாலிசி எடுத்தான். பாலிசிக் காகிதத்தை வாங்கிய அன்று சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, கழுத்துல மாதா உத்தரியம் கெடக்கு. பொட்டிக்குள்ள உங்க பாலிசி கெடக்கு. மேல கம்ப்ரசர் ஓடுது. மூணு காவல் இருக்கும்போது எனக்கு என்ன வந்துரப் போவுது?"

நானும் கூடச் சிரித்தேன். பேரன் கேட்ட அதே கணக்குத்தான் அது, மூன்றையும் கூட்டிப் போட்ட கணக்கு. கூடாது தம்பி என்று சொல்ல எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அதுதானே என் தொழில்!

பத்து மீட்டர் ஆழம் போனால் உடம்பின் மேல் அழுத்தம் இரட்டிக்கும், இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் நேரம் ஆக ஆக ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழியாகிறது. குமிழி தண்டுவடத்தில் அடைத்தால் கால் விழுந்துவிடும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எங்கெங்கே நின்று ஏற வேண்டும் என்று ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1908இலேயே அட்டவணை போட்டுவிட்டார். மூச்சை அடக்கிக் குளித்த நம் பாட்டன்மாருக்குப் பெரும்பாலும் இந்த அட்டவணை தேவைப்படவில்லை, ஒரு நிமிடத்தில் சேர்வது கொஞ்சம்தானே. கம்ப்ரசர் மூச்சுக்குக் காவல் கொடுத்தது, ஆனால் மூச்சு கொடுத்துவந்த காவலைக் கழற்றிவிட்டது. சட்டையை மாட்டினால் மந்திரம் கலையும் என்ற விதி அந்தக் கடலடியில்தான் எனக்கு உறைத்தது.

அந்தத் தம்பி ஒரு மாசி மாதத்தில் படகிலிருந்து இறங்க முடியாமல் தூக்கிவரப்பட்டான். அதற்கப்புறம் நடக்கவில்லை. உத்தரியம் சுகமாக இறங்கி ஏறச் சொல்லிக் கொடுப்பதற்கு இல்லை, அது தைரியத்துக்கு. பாலிசியோ, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி வரும் காயத்துக்கு. ரத்தத்துக்குள் வந்த குமிழி விபத்தா நோயா என்று நான் வேலை பார்த்த இடத்திலேயே ஒரு வருடம் கடிதம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கிடைத்தது கொஞ்சம்தான். மூன்று காவலும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன. அவனுக்கு வந்த ஆபத்து மூன்றின் கணக்கிலும் இல்லை.

அதனால் என் கட்சி இது. காவல்களைக் கூட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து? எவ்வளவு நேரம்? என்ன விலைக்கு? நீ வந்தால் எது போகும்? விளையாட்டுக்கு விதி எழுதியவர்கள் இந்த நான்கையும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் விளையாட்டில் செத்தவன் அடுத்த வாரம் புதிய பெயரோடு வந்துவிடுவான். கடலில் இறங்குகிறவனுக்கு அந்த வசதி இல்லை, அவனுக்குத்தான் விதி இன்னும் கறாராக வேண்டும். உத்தரியமோ தாயத்தோ கழுத்தில் கிடக்கட்டும், அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை. பக்கத்திலேயே ஒரு கைக்கடிகாரமும், மேலே நேரம் எண்ணிக் குழாயை இழுத்துச் சைகை கொடுக்க ஓர் ஆளும், மெதுவாக ஏறும் பொறுமையும் இருக்கட்டும். பழைய படகில் கயிறு பிடித்தவர் செய்த வேலைதான் இது, புதிதாக ஒன்றும் இல்லை.

பேரன் ஊருக்குக் கிளம்பும் முன், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்தத் தம்பியிடம் அவனைக் கூட்டிப்போய்ப் பேச வைத்தேன். திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை. வீட்டுப்படி ஏறியதும், "தாத்தா, என் மந்திரவாதி சங்கிலிச் சட்டையை வித்துட்டான்" என்றான்.

"என்ன விலைக்கு?" என்று கேட்டேன். காப்பீட்டுக்காரன் புத்தி.