தன்னந்தனியான தீர்ப்பு

அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஒருவர் தம் மனத்தை மாற்றிக்கொள்வது அபூர்வம். மாற்றிக்கொண்டதோடு நில்லாமல், அதற்காகப் பிறந்த ஊரின் பகையையும் ஏற்பது அதனினும் அபூர்வம். அமெரிக்க தேசத்து நீதிபதி வேட்டீஸ் வாரிங் அத்தகையவர்.

தென் கரோலினா ராஜ்யத்தின் சார்லஸ்டன் நகரில், பழைமையான வெள்ளைக் குடும்பமொன்றில் 1880-ம் வருஷம் பிறந்தார். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுப் படையில் அவர் தகப்பனார் சேவை செய்தவர். 1942-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வாரிங்கைச் சமஷ்டி சர்க்காரின் ஜில்லா நீதிபதியாக நியமித்தார். அது ஆயுட்காலப் பதவி. உள்ளூர் ஜனங்கள் கோபித்தாலும், ராஜ்ய சர்க்கார் கோபித்தாலும் எளிதில் அசைக்க முடியாது.

1944-ல், கறுப்பு உபாத்தியாயர்களுக்கும் வெள்ளை உபாத்தியாயர்களுக்கும் சம்பளம் சமமாக இருக்கவேண்டும் என்னும் தீர்ப்பை அளித்தார். ஆயினும் அவர் உள்ளத்தை உலுக்கியது 1946-ல் நடந்த விசாரணையே. யுத்த சேவை முடிந்து, பட்டாளத்து உடுப்போடு பஸ்ஸில் வீடு திரும்பிய ஐஸக் உட்வர்ட் என்னும் கறுப்புச் சிப்பாயை, ஒரு போலீஸ் அதிகாரி தடியால் அடித்து இரு கண்களையும் குருடாக்கிவிட்டார். அடித்ததை அதிகாரியே ஒப்புக்கொண்டார். ஆனாலும் வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி, அரை மணி நேரத்துக்குள் அவரை நிரபராதி என்றது! அதைக் கேட்டுக்கொண்டு நீதி பீடத்தில் அமர்ந்திருந்தவர் வாரிங்.

அதன் பின்னர் அவர் சும்மா இருக்கவில்லை. டெமாக்ரடிக் கட்சி தன்னை ஒரு தனி கிளப்பைப் போல் பாவித்து, அபேட்சகரைப் பொறுக்கும் தேர்தலில் கறுப்பர்களைச் சேர்க்காமலிருந்தது. அந்தத் தேர்தலில் வென்றவர்தாம் அந்நாளில் அங்கே பதவிக்கு வருவார். ஆகவே, இத்தடை செல்லாதென 1947-ல் வாரிங் தீர்ப்புக் கூறினார். சிநேகிதர்கள் விலகினார்கள். 1950-ல் அவர் வீட்டின்மீது கற்கள் விழுந்தன.

1951-ல் கிளாரெண்டன் ஜில்லாவின் கறுப்புப் பெற்றோர்கள் தொடுத்த பள்ளிக்கூட வழக்கு வந்தது. மூன்று நீதிபதிகளில் இருவர், தனிப் பள்ளிகள் சட்டவிரோதமல்ல என்றனர். வாரிங் ஒருவரே, குழந்தைகளை நிறத்தால் பிரித்து வைப்பதே அசமத்துவம் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மறு வருஷம் பதவியிலிருந்து விலகி, சொந்த ஊரை விட்டு நியூயார்க்கில் குடியேறினார்.

1954-ல் அமெரிக்காவின் உயர்ந்த நீதிமன்றம், அந்த வழக்கையும் வேறு சில வழக்குகளையும் சேர்த்து விசாரித்து, பள்ளிகளில் நிறபேதம் கூடாதெனத் தீர்ப்பளித்தது. மூவரில் ஒருவர் சொன்னதை, இப்போது ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள்!

வாரிங் 1968-ல் காலமானார். சார்லஸ்டனிலேயே அடக்கம் நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். 2015-ல் அந்நகரத்துச் சமஷ்டி நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஊரார் வெறுத்த பெயரை ஊரே நீதிமன்ற வாசலில் பொறிப்பதற்கு அறுபத்து நான்கு வருஷங்கள் ஆயின. சட்டப் புத்தகத்தில் தோற்றுப்போன தீர்ப்பும் வீணாவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?