எடைச் சீட்டு கேட்கிறோம்

சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் விவசாயி, எடை மேடையில் சீட்டு வாங்காமல் வண்டியைத் திருப்ப மாட்டார். சர்க்கரைக் கட்டுமானம் எத்தனை சதவீதம் என்பதுவரை கேட்பார். அதே ஊர்க்காரர் பத்தாண்டு உழைத்து ஒரு நாவல் எழுதினால், அது ஏன் பரிசுக்குத் தேறவில்லை என்று ஒரு வரி எழுதித்தர ஆளில்லை. கேட்டால், "கலையை அளக்க முடியுமா? ரசனை ஆளுக்கு ஆள் மாறும்" என்கிறார்கள் விருதுக் குழுவினர். இந்தப் பதிலைக் கண்டிக்கிறோம்.

கலையைத் தராசில் நிறுக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றின் வெப்பத்திறனை முறையாகச் சோதித்தால், யார் சோதித்தாலும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். ஒரு சிறுகதையை மூன்று பேர் படித்தால் மூன்று விதமாகத் தோன்றும். சட்டத்திலும் இப்படித்தான், ஒரே வழக்கில் மூன்று நீதிபதிகள் மூன்று விதமாக நினைக்கலாம். ஆனால் அங்கே ஒவ்வொருவரும் காரணம் எழுதியாக வேண்டும். மாறுபட்டவரின் தீர்ப்பும் ஏட்டில் ஏறும். கருத்து மாறுபடும் இடத்தில்தான் காரணம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. இலக்கிய நடுவர்களுக்கு மட்டும் இந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்தது யார்?

சாகித்திய அகாதெமி 1955 முதல் தமிழ் நூல்களுக்கு விருது வழங்கிவருகிறது. இறுதி முடிவு மூன்று நடுவர்கள் கையில். இருவர் சம்மதித்தாலே போதும். விழாவில் ஒரு பாராட்டுரை வாசிக்கிறார்கள். வென்ற நூலைப் புகழ்வதோடு அது முடிந்துவிடுகிறது. எதை ஏன் ஒதுக்கினார்கள் என்று வாசகனுக்குச் சொல்வதில்லை. விளைவைப் பாருங்கள். 'மோகமுள்'ளும் 'அம்மா வந்தா'ளும் எழுதிய தி. ஜானகிராமனுக்கு 1979-இல் 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு விருது. 'கிருஷ்ணப்பருந்து' தந்த ஆ. மாதவனுக்கு 2015-இல் 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்கு விருது. குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் முதற்பதிப்பு கண்ட நூலுக்கே பரிசு என்பது விதி. பெரிய படைப்பு வந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பிற்பாடு கைக்குக் கிடைத்த நூலைச் சாக்காக வைத்துக் கடனைத் தீர்க்கிறார்கள். சுந்தர ராமசாமிக்கு அந்தக் கடனும் தீரவில்லை. 2001-இல் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் தன் முதல் இயல் விருதை அவருக்கு வழங்கியது. அகாதெமி அவர் 2005-இல் மறையும்வரை விருது தரவேயில்லை.

எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர் இமையம் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' நாவலோடு வந்தார். தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் ஒரு வண்ணாத்தியின் வாழ்வை வட்டாரப் பேச்சோடு சொன்ன நாவல் அது. 2020-ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருது அவருடைய 'செல்லாத பண'த்துக்குக் கிடைத்தபோது மகிழ்ந்தோம். முதல் நாவலை அன்றைக்கு ஏன் தாண்டிப் போனார்கள் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அதில் குறை கண்டிருந்தால் சொல்லியிருக்கலாம், நாங்கள் வாதாடியிருப்போம்.

வாதாடுவது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியமே அதங்கோட்டாசான் என்ற ஆசிரியர் முன் குற்றமற விளக்கப்பட்டு அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, நல்ல படைப்பு என்று சொன்னால் போதாது, வரிவரியாக அலசி நிறுவ வேண்டும் என்றார். தேர்ந்த வாசகனின் ரசனையே போதும் என்பது விமர்சகர் க.நா.சு.வின் கட்சி. இருவரும் எழுத்தில் மோதினார்கள்; அந்த மோதலில் ஒரு தலைமுறை வாசிக்கக் கற்றுக்கொண்டது. காரணம் கேட்ட அந்தச் செல்லப்பாவுக்கே 'சுதந்திர தாகம்' நாவலுக்கான அகாதெமி விருது 2001-இல்தான் வந்தது. அவர் 1998-இல் இறந்துபோயிருந்தார்.

டெல்லியிலுள்ள அகாதெமியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க எங்களுக்கு உரிமையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் நடந்த ஒரு சிறுகதைப் போட்டிக்கு இதை எழுதுபவனும் நடுவன். கரு 30, நடை 30, உரையாடல் 20, முடிவு 20 என்று கட்டம் போட்ட தாளைக் கொடுத்தார்கள். சுரங்கத்துக்கு நிலம் போன ஒரு கிழவி, தன் வீட்டு வேப்பமரம் நின்ற இடத்தைச் சுரங்க விளிம்பில் நின்று தேடுகிற கதை ஒன்று வந்தது. முழுக்க முழுக்க எங்கள் வட்டாரமான நடுநாட்டின் பேச்சு. நடைக்கு 11 போட்டேன், கதை தோற்றது. முதற்பரிசு பெற்ற கதை எதைப் பற்றியது என்று இன்று நினைவில்லை. கிழவி மறக்கவில்லை. கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்த மண், நிலம் பறிபோன கதையை 'வந்தாரங்குடி'யாக எழுதிய மண் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு அந்தப் பேச்சுக்கு 11 போட்டது குற்றம். ஏன் 11 என்று ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தால், இரண்டாவது வரியிலேயே கை நின்றிருக்கும். எண்ணைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். காரணத்தை எழுத உட்கார்ந்தவன் கதையை மறுபடி படித்தாக வேண்டும். மதிப்பெண் தாள் நடுநிலையைத் தரவில்லை, சோம்பலை மறைக்கத்தான் உதவியது.

ஆகவே அகாதெமி தன் வழக்கத்தைத் திருத்த வேண்டும். மூன்று நடுவரும் தனித்தனியே எழுதிய கருத்தும், இறுதிச் சுற்றுக்கு வந்த நூல்களின் பட்டியலும் விருது அறிவிப்போடு சேர்ந்தே வெளிவர வேண்டும். பட்டியலில் உள்ள ஆசிரியரோடு உறவோ பதிப்புத் தொடர்போ உள்ள நடுவர் அதை முன்கூட்டியே சொல்லி விலக வேண்டும். முன்பு தவறவிட்ட நூலைப் பெயர் சொல்லியே கௌரவிக்க விதியில் இடம் வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் போட்டி நடத்தும் மன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் இதே கோரிக்கைதான். கட்டத் தாளைக் கிழித்துப் போடுங்கள். பரிசு பெறாத கதைக்கும் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். வரும் பொங்கல் போட்டியிலிருந்து எங்கள் நிருபர் பரிசளிப்பு மேடையில் நடுவர் அறிக்கையின் நகலைக் கேட்பார். கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்பதையும் பரிசுச் செய்திக்குக் கீழே அச்சிடுவோம்.