தற்காலிக வைத்தியரும் நிரந்தர நோயாளரும்

மலையகச் செய்திகளில் மாறாத வாசகம் ஒன்று உண்டு. குளவிக்கொட்டுக்கு இலக்கான தோட்டத் தொழிலாளர்கள் பொகவந்தலாவை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, மேலதிக சிகிச்சைக்காக டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டனர் என்பதே அது. பல்லாண்டுகள் செய்தி திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் தொகையையும் மாற்றினால் அடுத்த செய்தி தயார். 'மேலதிக சிகிச்சைக்காக' என்ற சொல்லுக்குள் எத்தனை நிமிடங்கள் அடங்கியுள்ளன என்று கேட்போர்தான் இல்லை.

குளவி விஷம் ஒவ்வாத உடலில் இரத்த அழுத்தம் சடுதியாக வீழ்கிறது. தொண்டை வீங்கி மூச்சு அடைக்கிறது. தொடைத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் ஏற்ற வேண்டும். தணியாவிடில் ஐந்து நிமிடங்களில் மீண்டும். தணிந்த பின்னரும் சில மணி நேரம் கண்காணிக்க வேண்டும், ஏனெனில் அறிகுறிகள் திரும்பவும் தலைகாட்டலாம். மருந்து விலை உயர்ந்ததன்று. அதை ஏற்றத் துணிபவர் அங்கே இருக்கிறாரா என்பதே வினா.

இங்குதான் 'பதில் கடமை' என்னும் ஏற்பாடு வருகிறது. நிரந்தர வைத்தியர் இடமாற்றம் பெற்றுச் செல்வார். அவரிடத்துக்கு ஒருவர் நியமனம் பெறும் வரை வேறிடத்து வைத்தியர் வந்து கவனிப்பார். அவ்வாறு வருபவரை நான் குறை கூறேன். குளிரிலும் மழையிலும் வளைவுப் பாதையில் வந்து, முன்பின் அறியாத விடுதியில் இரவைக் கழிக்கும் அவருக்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆனால் உயிர் காக்கும் மருந்து எந்த அலுமாரியில் உள்ளது என்பதைக்கூட அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டறிய வேண்டியுள்ளது. "நெஞ்ச அடைக்குதுங்க டாக்டரையா" என்று ஒரு தாய் சொல்வதை, அவர் தமிழறியாதவராயின், சிற்றூழியரே மொழிபெயர்க்கிறார். தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தம் எழுதி வைத்தது. கட்டிலருகே அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

'டிக்கோயாவில் பெரிய வைத்தியசாலை இருக்கிறதே, 1990 அம்புலன்ஸ் வருகிறதே' என்பர் அதிகாரிகள். இருக்கின்றன. இந்திய உதவியில் எழுந்த 150 கட்டில்கள் கொண்ட அக்கட்டடத்தை 2017 மே மாதம் நரேந்திர மோடி வந்து திறந்து வைத்தார். ஆயினும் மேல் டிவிசனிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்து தெருவில் சேர்க்கவே நேரம் போதாது. நோர்வூட் கடந்து டிக்கோயா அடையும் வரை அடைத்த தொண்டை காத்திருக்காது.

2022 நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனது மெய். வெற்றிடங்கள் பெருகின. ஆனால் எந்த வெற்றிடத்தை முதலில் நிரப்புவது, எதைக் கடைசியில் விடுவது என்பதை ஒரு மேசையில் இருந்து ஒருவர் தீர்மானிக்கிறார். அது வானிலிருந்து விழுவதில்லை. பிரதேச வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாண நிருவாகத்தின் கீழ் வருவன. மத்திய மாகாண சபையோ 2018 இல் காலாவதியானது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. தட்டிக் கேட்க மாகாணப் பிரதிநிதியும் இல்லை.

1912 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் சுகத்தைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. 1948 இல் அவர்களது குடியுரிமையே மறுக்கப்பட்டது. நாளை கப்பலேறப் போகிறவர்களுக்கு எதற்கு நிலையான ஆஸ்பத்திரி என்ற அந்நாள் எண்ணம், பிரஜாவுரிமை மீண்ட பின்னரும் சுகாதாரத் துறையின் கோப்புகளில் தங்கிவிட்டதாகவே நான் கருதுகிறேன்.

கனடாவில் வாழும் வாசகர்கள், 'இங்கும் அப்படித்தான்' என்று எழுதக்கூடும். உண்மை. ஒன்டாரியோவின் சிற்றூர்களில் 2022 இலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுகள் ஆளின்றி இரவுகளில் மூடப்பட்டன. தற்காலிக வைத்தியர்களைத் தனிக் கொடுப்பனவு கொடுத்து அழைத்தார்கள். ஆனால் அங்கே மூடுவதற்கு முன் ஊருக்கு அறிவித்தல் போகிறது; 2023 இல் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் அதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டார். பொகவந்தலாவையில் 'இன்றிரவு டாக்டர் இல்லை' என்பது வாசலில் வந்து நின்ற பிறகு தெரிய வேண்டிய செய்தியா?

உபகரணம் அனுப்ப விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இ.சி.ஜி. இயந்திரம் நல்லதே, அதைப் படிப்பவர் வேண்டும். ஆகவே கேட்க வேண்டியவை வேறு: வருடாந்த இடமாற்றத்தில் பதிலாள் வந்து பொறுப்பேற்கும் வரை இருப்பவரை விடுவிக்கக் கூடாது. ஒழுகாத விடுதி வேண்டும். வைத்தியர் வரும் வரை காத்திராமல் முதல் ஊசியை ஏற்றத் தாதியருக்கும் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் எழுத்துமூல அதிகாரமும் பயிற்சியும் வேண்டும். இவற்றுள் எதற்கும் வெளிநாட்டுப் பிரதமர் வந்து நாடா வெட்டத் தேவையில்லை.