போஸ்டரில் இருந்த பலம் படத்தில் எங்கே?

ஜானி டெப், மார்கன் ஃப்ரீமேன், ரெபெக்கா ஹால், பால் பெட்டனி, கிலியன் மர்ஃபி... இத்தனை பேரை ஒரே போஸ்டரில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? போதாததற்கு, இயக்குநர் வாலி ஃபிஸ்டர், 'இன்செப்ஷன்' படத்தின் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஆனால், 2014-ல் வந்த 'டிரான்ஸெண்டன்ஸ்' பார்த்து முடித்தபோது மிஞ்சியது ஒரு பெருமூச்சுதான்.

கதை என்னவோ பிரமாதம். செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர் வில். தொழில்நுட்ப எதிர்ப்புக் கும்பல் அவரைச் சுடுகிறது. குண்டில் கதிரியக்க விஷம். இன்னும் ஒரு மாதம்தான் உயிர். கணவனைப் பறிகொடுக்க மனமில்லாத எவலின், அவர் மூளையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறாள். உடல் போகிறது, திரையில் குரல் எழுகிறது. அது வில்தானா, இல்லை வில் மாதிரி பேசும் இயந்திரமா?

இந்த ஒரு கேள்வி போதுமே, நம்மை சீட் நுனியில் உட்கார வைக்க! ஆனால் நடந்தது வேறு.

மின்சாரமும் இன்டர்நெட்டும் இல்லாத உலகத்தை முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள். கதை எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன த்ரில்? ஜானி டெப் பாதிப் படத்துக்கு மேல் திரைக்குள் ஒரு முகமாக, ஏற்ற இறக்கமில்லாமல் பேசுகிறார். ஃப்ரீமேனும் மர்ஃபியும் கவலையோடு வேடிக்கை பார்க்கிறார்கள். நானோ துகள்களால் வில் எதையும் செய்யலாம் என்றான பிறகு, யார் ஜெயிப்பார் என்ற பதற்றமே போய்விடுகிறது.

நல்லது இல்லாமல் இல்லை. எவலினின் உடலில் சுரக்கும் ஹார்மோன்களைக் கணக்கெடுத்து, அவள் மனதைப் படிக்கப் பார்க்கிறது திரையில் இருக்கும் வில். அவள் அதிர்ந்து போகிறாள். அன்பு எங்கே முடிகிறது, கண்காணிப்பு எங்கே தொடங்குகிறது? ரெபெக்கா ஹாலின் முகம் அதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது. அந்தப் பாதையில் படம் போயிருக்கலாம். துப்பாக்கியும் பீரங்கியுமாக வேறு பக்கம் ஓடிவிட்டது.

கிட்டத்தட்ட 10 கோடி டாலர் செலவு. வசூலும் ஏறக்குறைய அவ்வளவே. தியேட்டர்காரர்களின் பங்கு போனால் நஷ்டம்தான்.

ஆனாலும் இன்று பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இறந்தவரின் குரலைக் கம்ப்யூட்டரில் பேச வைப்பது இப்போது கற்பனை இல்லை. மறைந்த அம்மாவின் வாய்ஸ் மெசேஜை அழிக்க மனம் வராமல் போனில் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாளை அந்தக் குரல் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால், பதில் சொல்வோமா, போனை அணைப்போமா?

படம் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் வேறு வேலை இல்லையென்றால், பதின்வயதுப் பிள்ளைகளோடு பாருங்கள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு இந்தக் கேள்வியை அவர்களிடம் கேளுங்கள். படத்தைவிட அந்தப் பேச்சு சுவாரஸ்யமாக இருக்கும்.