ரப்பர் படகா, பீப்பாய்த் தெப்பமா? கண்மாய் மீன்பிடிப்புக்கு எது கட்டுபடியாகும்?

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகிவிட்டால், மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்துவிடும். குஞ்சு விட்டாயிற்று, தண்ணீர் நிற்கிறது. வலை விரிக்கவும், வளர்ச்சி பார்க்கவும் நடுக்கண்மாய்க்கு எதில் போவது?

நாச்சியாபுரம் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையில் குத்தகைக் குழு ஒன்று என்னிடம் இதைத்தான் கேட்டது. "சார், ஆன்லைன்ல ரப்பர் போட்டு ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம். விலை கம்மியாத்தான் இருக்கு. வாங்கலாமா?" அதுவரை அவர்கள் லாரி டியூபில்தான் போய்வந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் அவர்களில் ஒருவருக்குச் செவுள் வலை காலில் சுற்றி, டியூப் கவிழ்ந்து, கூட இருந்தவர்கள் நீந்திப் போய் இழுத்து வந்திருக்கிறார்கள். படகு வாங்கும் எண்ணம் அந்தப் பயத்தில் பிறந்தது. ஆகவே விலையைப் பற்றி மட்டும் பேசி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இரண்டு காரணங்கள். ஒன்று, 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மீட்புப் படையினர் ரப்பர் படகில் மக்களை ஏற்றிச் சென்றதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 'அவ்வளவு பேரைத் தாங்குகிறதே, கண்மாய்க்குப் போதாதா?' என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் மீட்புப் படையின் படகும் ஆன்லைனில் கிடைக்கும் மலிவுப் படகும் ஒன்றல்ல. முன்னது கனமான துணியின் மேல் ரப்பரோ பிவிசியோ பூசிச் செய்தது. பின்னது பெரும்பாலும் துணியே இல்லாத வெறும் பிவிசி தாள். குழந்தைகள் குளிக்கும் காற்றுத் தொட்டியின் உறவு என்று சொல்லலாம்.

இரண்டாவது, வரி. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56வது ஜிஎஸ்டி கவுன்சில் முடிவுகள் செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. தூண்டில் கோல், தூண்டில் சாமான்கள், கைவலை ஆகியவற்றின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இது நல்ல செய்தி. ஆனால் பொழுதுபோக்கு, விளையாட்டுப் படகுகளின் வரி 28 சதவீதத்திலிருந்து 40 ஆக உயர்ந்தது. துடுப்புப் படகுக்கு 18 சதவீதம். மீன்பிடிக் கலங்களுக்கு 5 சதவீதம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றடைக்கும் படகுகள் வரிப் பட்டியலில் 8903 என்ற தலைப்பின் கீழ், உல்லாசப் படகுகளோடு ஒரே இடத்தில் இருக்கின்றன. மீன்பிடிக் கலங்களோ 8902இல் தனியாக. கண்மாயில் வலை விரிக்க வாங்கினாலும் உங்கள் ரப்பர் படகு உல்லாசப் படகாக எண்ணப்படக்கூடும். 10,000 ரூபாய் அடக்கவிலை உள்ள பொருள் 5 சதவீத வரியில் 10,500, 18 சதவீதத்தில் 11,800, 40 சதவீதத்தில் 14,000 ரூபாய். ஒரே பொருளுக்கு 3,500 ரூபாய் வித்தியாசம். எனவே வாங்கும் முன் பில்லில் எந்தக் குறியீடு, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பில்லே இல்லாமல் தருவதாகச் சொன்னால் வாங்க வேண்டாம். பொருள் பழுதானால் கேட்பதற்கு உங்களிடம் ஒரு காகிதம் இருக்காது.

உள்நாட்டு மீனவரின் சிறு படகு, அது காற்றடைத்ததாக இருந்தாலும், மீன்பிடிக் கலமாகவே கருதப்பட வேண்டும் என்பது என் கருத்து. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதைக் கோரிக்கையாக எழுப்பலாம்.

நம் கண்மாயின் முதல் எதிரி முள்

படகு விற்பவர்கள் காட்டும் படங்களில் தெளிந்த ஏரியும் புல்தரையும் இருக்கும். நம் கண்மாய் அப்படியா? உள்வாயில் சமூகக் காடு திட்டத்தில் வைத்த நாட்டுக்கருவேல், தானாய் முளைத்த சீமைக்கருவேல், வெட்டியபின் தண்ணீருக்குள் நிற்கும் கட்டைகள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் சீமைக்கருவேலம் பல இடங்களில் அகற்றப்பட்டது. தூரோடு எடுக்காத இடங்களில் அது மறுபடி தழைத்து நிற்கிறது. உலர்ந்த முள் தண்ணீருக்கடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மெல்லிய பிவிசி தாளை அது ஊசிபோல் துளைத்துவிடும்.

முள் போதாதென்று மீனும் உண்டு. கெளுத்தியின் செவுள் பக்க முள்ளும் ஜிலேபியின் முதுகு முள்ளும் படகின் தரையைக் குத்தக்கூடியவை. தூண்டில் முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே பிடித்த மீனைப் படகில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் கூடையில்தான் போட வேண்டும். தரையில் பழைய தார்ப்பாயை இரண்டாக மடித்து விரிக்க வேண்டும்.

இரண்டாவது வெயில், மூன்றாவது காற்று

காலை 25 டிகிரியில் விறைப்பாகக் காற்றடித்த படகைக் கரையில் வெயிலில் போட்டால், உள்ளிருக்கும் காற்று மதியம் 50 டிகிரியைத் தொடலாம். காலையில் 0.2 பார் அழுத்தத்தில் அடித்திருந்தால் அது சுமார் 0.3 பார் ஆகும். ஒன்றரை மடங்கு. மலிவுப் படகில் தையல்போல் ஒட்டிய ஓரங்கள்தான் முதலில் விடும். நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லையென்றால் ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

காற்றின் கதையை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். சற்று நேரத்தில் அவை கரை ஒதுங்கின. சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். ஆனால் அந்தப் பாடம் இங்கும் பொருந்தும். எடை குறைவாகவும் தண்ணீருக்குமேல் உயரமாகவும் இருக்கும் எதையும் காற்று தள்ளிக்கொண்டு போகும். ஆனி, ஆடிக் காற்றில் ரப்பர் படகை ஒரு மனிதர் சிறு பிளாஸ்டிக் துடுப்பால் எதிர்த்துச் செலுத்துவது கடினம். நங்கூரமாக ஒரு கல்லும் 20 மீட்டர் கயிறும் படகிலேயே இருக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எது?

செவுள் வலை விரிக்க, வலையில் சிக்கிய மீனை எடுக்க, தீவனம் போட ரப்பர் படகு உதவும். உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலைகள் இவை. வீச்சு வலைக்கு அது ஆகாது. மெத்துமெத்தென்ற தரையில் நின்று ஈயக்குண்டு வலையைச் சுழற்றினால் நிலை தவறும். கட்லா, ரோகு, மிருகால் வளர்க்கும் கண்மாயில் மொத்த அறுவடை இழுவலையில்தான் நடக்கும். அதற்குப் படகு வலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டுமே வேண்டும். தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியபின் நடக்கும் மீன்பிடித் திருவிழாவுக்கோ ஊத்தாவும் கச்சாவும் போதும். உங்கள் வயலில் உள்ள பண்ணைக்குட்டைக்குப் படகே தேவையில்லை. கரையில் நின்றே எல்லாம் செய்துவிடலாம்.

வாங்குவதானால் பார்க்க வேண்டியவை

துணி: 'துணி மேல் பிவிசி பூசியது' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தடிமன் 0.9 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. வெறும் பிவிசி தாள் படகு முள் கண்மாய்க்கு வேண்டாம்.

அறைகள்: இரு பக்கமும் தரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று தனித்தனிக் காற்றறைகள். ஒன்று போனாலும் மற்றவை தாங்க வேண்டும். வாங்கியவுடன் முழங்கால் தண்ணீரில், ஓர் அறையை வெறுமையாக்கி ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

சுமை: இரண்டு பேர் 130 கிலோ, நனைந்த வலை 20, மீன் 40. மொத்தம் 190 கிலோ. அட்டையில் போட்டிருக்கும் சுமையில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஏற்றக் கூடாது என்று வைத்தால், 300 கிலோ தாங்கும் படகு வேண்டும். 100 கிலோவுக்கும் குறைவாகத் தாங்கும் சிறு படகுகள்தான் விலை மலிவாகக் கண்ணில் படும். அவை வலைத் தொழிலுக்கு ஆகாது.

தரம்: காற்றடைக்கும் படகுகளுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 6185. அது குறிப்பிடப்பட்டிருந்தால் கூடுதல் நம்பிக்கை.

சோதனை: நிழலில் காற்றடித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் லேசாகத் தளர்வது குளிர்ச்சியால். ஒரு பக்கம் மட்டும் துவண்டிருந்தால் அது ஓட்டை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

பஞ்சர்: சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷன் பிவிசியில் நிற்காது. பிவிசிக்கான பசையும் அதே துணியில் ஒட்டுத்துண்டும் சேர்த்து வாங்குங்கள். மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டி ஒரு நாள் காயவிட வேண்டும். பருவம் முடிந்ததும் கழுவி, நிழலில் உலர்த்தி, எலி எட்டாத உயரத்தில் வையுங்கள். நெல் மூட்டைக்கு வரும் எலி படகையும் விடாது.

மாற்று வழிகள்

லாரி டியூப்: 25 செ.மீ. தடிமனும் 2.4 மீட்டர் நடுச்சுற்றும் உள்ள டியூபில் சுமார் 118 லிட்டர் காற்று இருக்கும். ஒருவரைத் தாங்கும், ஆனால் ஒரே அறை. போனால் முழுவதும் போகும்.

தெர்மாகோல் தெப்பம்: மலிவு, பஞ்சர் ஆகாது. ஆனால் உதிர்ந்து கண்மாயெங்கும் வெள்ளைத் துகளாகிவிடும். சாக்கில் இறுக்கித் தைத்தாலும் ஓரிரு பருவத்தில் சிதையும்.

பீப்பாய்த் தெப்பம்: 200 லிட்டர் நீலப் பீப்பாய் நான்கும் சவுக்குக் கட்டையும் கொண்டு கட்டுவது. மொத்த மிதப்புத் திறன் 800 கிலோ. பீப்பாய் எடை 36, சட்டம் 50, ஆட்கள் 130, வலையும் மீனும் 60 என்றால் 276 கிலோ. பீப்பாய்கள் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் இருக்கும். முள் துளைக்காது. நகர்த்த எடை அதிகம் என்பதால் ஒரே கண்மாயில் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்காமல் பீப்பாய் வாங்காதீர்கள். பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த பீப்பாய் மீனுக்கு நஞ்சு.

பரிசல்: மேட்டூரிலும் பவானிசாகரிலும் நீண்ட காலமாக மீனவர்கள் நம்பியிருப்பது பரிசலைத்தான். கண்ணாடியிழைப் பரிசல் நல்ல உழைப்புத் தரும். செலுத்தப் பழக வேண்டும்.

ஒரு நாள் செலவு என்ன?

விலையைப் பார்க்காமல், தண்ணீரில் இறங்கும் ஒரு நாளுக்கு என்ன செலவு என்று பாருங்கள். கணக்குப் போடும் முறைக்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். பருவத்துக்கு 25 நாள் வேலை. ரப்பர் படகு 15,000 ரூபாய், இரண்டு பருவம் உழைத்தால் நாளுக்கு 300. பீப்பாய்த் தெப்பம் 8,000, நான்கு பருவம் என்றால் நாளுக்கு 80. கண்ணாடியிழைப் பரிசல் 20,000, எட்டுப் பருவம் என்றால் நாளுக்கு 100. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். ரப்பர் படகு கட்டுபடியாகும் ஒரே சூழல், பல கண்மாய்களைக் குத்தகை எடுத்து, இருசக்கர வாகனத்தில் மடித்துக் கொண்டுபோக வேண்டியவர்களுக்குத்தான்.

உதவி எங்கே?

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020 செப்டம்பரில் தொடங்கி, 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. பயனாளி சார்ந்த இனங்களில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம். படகும் வலையும் எந்த இனத்தில் வருகின்றன, இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஒப்புதல் வந்தபின் வாங்குங்கள்.

இதே திட்டத்தில் மீனவர் குழு விபத்துக் காப்பீடு உண்டு. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். பயனாளி பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பெயர் பதிவு இருக்க வேண்டும். குழுவில் யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நான் கேட்டபோது பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கே இறங்கலாம்?

40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியப் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறைப் பொறுப்பிலும் உள்ளன. குத்தகை யாரிடம் இருக்கிறதோ அவர் அனுமதியில்லாமல் படகு இறக்கினால் வழக்கும் ஊர்ப் பகையும்தான் மிச்சம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்ட ஊர்க்காரர்கள் அவர்கள். அங்கே படகு இறக்கும் எண்ணமே வேண்டாம்.

நான் சொன்ன பதில்

அந்தக் குழுவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இந்தப் பருவத்துக்குப் பீப்பாய்த் தெப்பம் கட்டுங்கள். பரிசலுக்கு இப்போதே விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ரப்பர் படகுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் உயிர்காப்பு உடை ஆளுக்கொன்று வாங்குங்கள். வலை சுற்றினால் அறுக்க இடுப்பில் ஒரு சிறு கத்தி. தனியாக யாரும் இறங்குவதில்லை, இடி மின்னலில் இறங்குவதில்லை, குடித்தவர் இறங்குவதில்லை என்று குழுவில் தீர்மானம்.

"நம்ம கண்மாய் ரெண்டு ஆள் ஆழம்தானே சார், சின்ன வயசுலேர்ந்து நீந்துறோம்" என்றார் ஒருவர். அன்று வலையில் சிக்கியவரும் சின்ன வயதிலிருந்து நீந்துகிறவர்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. உயிர்காப்பு உடை எங்கே கிடைக்கும், என்ன விலை என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.